காகம், இரண்டு

முதலில் ஒரு விடுகதை.

சுவர் இல்லை. கூரை இல்லை. கதவு இல்லை. ஆனாலும் வீடுதான். உள்ளே நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டடி தள்ளி நின்று குனிந்து தேடினாலும் அவர்கள் உங்கள் கண்ணில் பட மாட்டார்கள். மிதித்தால் தெரியும். மிதித்த பிறகு தெரிந்து என்ன பயன்? அது யாருடைய வீடு?

விடை தெரிந்தவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் பூரணியோடு வரலாம். பங்குனி பாதி வரைக்கும் அவளுக்கும் தெரியாது.

பூரணிக்குப் பதினோரு வயது. கரிசல் காட்டு ஊர். அந்த ஊருக்கும் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் தபால் கொண்டு வருகிறவள் சண்முகக்கனி. வயது முப்பத்திரண்டு. சைக்கிளில் தபால் பை, கழுத்தில் பைனாகுலர். வழியில் பறவையைக் கண்டால் இறங்கி நிற்பாள். நோட்டில் எழுதுவாள். மறுபடி ஏறி மிதிப்பாள். "நம்ம ஊருக்கு முதல்ல குருவிக்குத்தான் தபால்" என்று கேலி பேசுவார்கள். பேசியவர்களுக்கும் ஒரு நாளும் கடிதம் தாமதமானதில்லை.

பூரணி ஒரு நாள் சைக்கிளை மறித்தாள்.

"அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க."

"என்னத்த?"

"பறவை பார்க்க."

"கண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப பாரு."

பூரணி மறுநாளும் வந்து நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். ஐந்தாம் நாள் கனி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"சட்டம் ஒண்ணுதான். கண்ணால கண்டதை எழுது. காணாததை எழுதாதே. நாள், நேரம், இடம், எத்தனை. அவ்வளவுதான்."

"அழகா இருந்துச்சுன்னு எழுதலாமா?"

"அழகு எத்தனை இருந்துச்சு?"

பூரணி யோசித்துப் பார்த்தாள். அதை எழுதவில்லை.

அந்த வட்டாரத்தில் பறவை பார்க்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஆண்டுதோறும் பங்குனி முதல் தேதியிலிருந்து வைகாசி ஐந்து வரை, அவரவர் கண்டதை எழுதி ஒரே பட்டியலாகச் சேர்ப்பார்கள். கோடைப் பட்டியல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பறவைக்கும் நான்கு கட்டங்கள்: பறவை, கூடு, முட்டை, பொரிப்பு. ஓடு உடைந்து குஞ்சு வெளியே வருவதைக் கண்ணால் கண்டால் மட்டும் நான்காவது கட்டத்தில் எழுதலாம். குஞ்சு பிறகு காட்டில் ஓடுவதைக் கண்டால் அது வேறு கணக்கு.

பூரணி கனியின் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். ஆள்காட்டிக் குருவியின் வரியில் மூன்று கட்டங்களும் எல்லா ஆண்டும் நிரம்பியிருந்தன. நான்காவது எல்லா ஆண்டும் வெறுமையாக இருந்தது.

"பதினோரு வருசமா ஒண்ணுகூடப் பொரிக்கலையாக்கா?"

"குஞ்சு ஓடுறதைப் பார்த்திருக்கேன். பொரிக்கிறதைப் பார்த்ததில்லை."

"ஏன்?"

"வேற பக்கம் வேலை இருந்துச்சு."

"பதினோரு வருசமுமா?"

"ஆமா."

"நான் பார்ப்பேன். இந்த வருசமே பார்ப்பேன்."

"பாரு" என்று சொல்லிவிட்டுக் கனி சைக்கிளில் ஏறினாள்.

பங்குனி பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை. சங்கரபாண்டி மாமாவின் தரிசில் ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டே ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. மஞ்சள் கால்கள், கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்பு மடிப்பு. அது ஓடும் பக்கமெல்லாம் பூரணி போய்ப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு வரப்புக்குத் திரும்பி அசையாமல் உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியபோது பறவை கத்துவதை நிறுத்தி, நேரே நடந்து போய், ஓர் எருக்கஞ்செடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது.

பூரணி செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தாள். தூக்கிய காலைக் கீழே வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

தரையில் உள்ளங்கை அளவு பள்ளம். ஓரத்தில் சிறு கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும். நடுவில் நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்தில், மண்ணின் புள்ளிகளோடு. நான்கின் கூர்முனையும் உள்நோக்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. விடுகதைக்கு விடை இதுதான்.

அவள் ஒரு கணம் திரும்பி வரப்பைப் பார்த்தாள். மறுபடி குனிந்தபோது முட்டைகளைக் காணவில்லை. அங்கேதான் இருந்தன. தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கனியிடம் ஓடிப் போய்ச் சொன்னாள்.

"எழுதிட்டு விலகி வந்துரு" என்றாள் கனி.

பூரணி எழுதினாள். விலகத்தான் முடியவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு எட்டுப் போய்ப் பார்த்தாள். இடம் தவறிவிடாமல் இருக்க, பள்ளத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அதில் கட்டினாள். பிறகு தினமும் போனாள். தினமும் நான்கும் இருந்தன.

ஒன்பதாம் நாள் பள்ளம் மட்டும் இருந்தது.

தார் ரோட்டில் கனியின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, அவளை இழுத்து வந்தாள்.

"எது எடுத்துச்சுக்கா?"

"நோட்டை எடு. கண்டதைச் சொல்லு."

"முட்டை இல்லை."

"அது காணாதது. கண்டதைச் சொல்லு."

பூரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"குச்சி. ரிப்பன்."

"அப்புறம்?"

"குச்சி மேல எச்சம். வெள்ளையா வழிஞ்சிருக்கு." கிட்டே போய்ப் பார்த்தாள். "காக்கா உட்கார்ந்திருக்கு."

"அப்புறம்?"

வரப்பிலிருந்து பள்ளம் வரைக்கும் புல் மடங்கிக் கிடந்தது. கோடு போட்டது போல ஒரே தடம்.

"ஒரு தடம்."

"யாருது?"

பூரணி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"யாருது?"

"என்னுது."

"எத்தனை?"

"போக ஒன்பது. வர ஒன்பது."

"எழுது."

பூரணி எழுதினாள். அழவில்லை. பென்சில் முனை மட்டும் உடைந்தது. கனி தபால் பையிலிருந்து தன் பென்சிலை எடுத்து நீட்டினாள். பூரணி மீதியையும் எழுதி முடித்தாள். குச்சியைப் பிடுங்கி ரிப்பனை அவிழ்த்தாள்.

"இன்னொரு தடவை இடுமாக்கா?"

"இடும்."

"எப்ப?"

"அது அதுக்குத்தான் தெரியும்."

சித்திரை ஆறாம் தேதி காலை, அதே தரிசில், பழைய இடத்துக்கு அறுபது தப்படி தள்ளி ஓர் ஆள்காட்டி உட்கார்ந்திருப்பதைப் பூரணி பார்த்தாள். வரப்பிலிருந்துதான் பார்த்தாள். கீழே இறங்கவில்லை. அது எழுந்து, இறகை உதறி, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது. அவள் ரோட்டுக்கு வந்து கனிக்காகக் காத்திருந்தாள்.

"இந்தத் தடவை விட மாட்டேன்க்கா. எப்படிக் காக்கிறது? சொல்லுங்க."

கனி சைக்கிளை வேம்பில் சாய்த்தாள். வரப்பில் நடந்து வந்து, கூட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு.

பூரணி நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, கூடு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"ஆமா."

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலை."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன். சோறு தீர்றதுக்குள்ள உட்காரு."

பூரணி அவளைப் போலவே உட்கார்ந்தாள். எதிரே விதைக்காத கரிசல் காடு. காட்டுக்கு நடுவே ஒரு மின்கம்பம். அதன் உச்சியில் இரண்டு காகங்கள். இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நேரமா இருக்கு?"

"நீ வரப்புல ஏறினதுல இருந்து."

"முட்டையைத் தேடுதா?"

"மண்ணுல மண்ணைத் தேட அதுக்கு என்ன பைத்தியமா? உன்னை மாதிரிப் பிள்ளையைத் தேடுது. பிள்ளை எங்க பார்க்குதுன்னு பார்க்குது."

பூரணி வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தாள்.

"அப்ப நான் எதைப் பார்க்க?"

"அதை" என்று கம்பத்தைக் காட்டினாள் கனி.

சோறு தீர்ந்த பிறகும் அவர்கள் காகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெகு நேரம் கழித்துக் காகங்கள் எழுந்து ஊர்ப் பக்கம் போயின.

அன்றிலிருந்து பூரணி வரப்பில் காவல் இருந்தாள். பரீட்சை முடியும் வரை காலையும் மாலையும். லீவு விட்ட பிறகு நாள் முழுவதும். தலையில் அப்பாவின் துண்டு, மடியில் நோட்டு. கூடு முதுகுக்குப் பின்னால். கால் மரத்துப் போனால் எழுந்து வரப்பிலேயே நடப்பாள், தலையைத் திருப்பாமல்.

சித்திரை பதினாறில் கோடை மழை பெய்தது. மறுநாள் சங்கரபாண்டி டிராக்டரோடு வந்தார்.

"ஏட்டி, எந்திரி. உழணும்."

"முடியாது மாமா. ஆள்காட்டி அடை காக்குது."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னாத்தானட்டி அதை விட்டுட்டு உழ முடியும்?"

"சொன்னா நீங்க பார்ப்பீங்க. நீங்க பார்க்கிற இடத்தைக் கம்பத்துல இருக்கிற காக்கா பார்க்கும்."

சங்கரபாண்டி எஞ்சினை நிறுத்தினார். கம்பத்தைப் பார்த்தார். காகம் அவரைப் பார்த்தது.

"காக்காவுக்குப் பயந்து நான் காட்டைத் தரிசு போடணும். அப்படித்தானே? ரெண்டு நாள் போனா ஈரம் காஞ்சுரும்."

"இந்த வரப்புல இருந்து அந்த உடைமுள் மரம் வரைக்கும் விட்டுருங்க. மிச்சத்தை உழுங்க."

"ஒரு முட்டைக்கு அரை ஏக்கரா?"

"ஆள்காட்டி நாலு இடும் மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மீசையைத் தடவினார்.

"அந்த அரை ஏக்கரை அப்புறம் யாரு உழுவா? உன் ஆள்காட்டியா?"

"நான் கொத்தி விடுறேன். வைகாசி ஆறாம் தேதி வாரேன்."

"நீயா? மம்பட்டி உன்னைவிட உசரம்."

"குட்டை மம்பட்டி இருந்தாக் குடுங்க."

சங்கரபாண்டி டிராக்டரைக் கிளப்பினார். அன்று மாலை வரை உழுதார். உடைமரம் வந்ததும் திருப்பினார். அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ரோட்டிலிருந்தே சத்தம் கொடுப்பார்.

"ஏ காவக்காரி! உன் குருவி என்னைக் கண்டாத்தான் ரொம்பக் கத்துது!"

"நீங்கதான் மாமா ரொம்பக் கத்துறீங்க!"

புரட்டிப் போட்ட மண்ணுக்குப் பறவைகள் வந்தன. உண்ணிக்கொக்கு பதினான்கு. மைனா ஆறு. கம்பியில் கரிச்சான் இரண்டு. பனங்காடை ஒன்று, எழுந்து பறந்தபோது இறகு முழுக்க நீலம். பஞ்சுருட்டான் தும்பியைப் பிடித்துக் கம்பியில் அடித்தது. வானம்பாடி ஒன்று மேலே போய்க்கொண்டே இருந்தது. பூரணி அதை எழுதாமல் காத்திருந்து, இறங்கி வந்ததும் எழுதினாள். ஒரு நாள் கீரி வந்தது. அதையும் எழுதினாள்: "கீரி, ஒன்று. கல் எறிந்தேன். படவில்லை. போய்விட்டது." நோட்டில் முப்பத்தோரு பக்கம் நிரம்பியது. பட்டியல் பக்கத்தில் மட்டும் ஆள்காட்டியின் வரியில் 'முட்டை' என்ற கட்டமும் காலி, 'பொரிப்பு' என்ற கட்டமும் காலி. பறிபோன முதல் நான்கை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"முதல்ல நாலு முட்டை பார்த்தியே, அதைப் பட்டியல்ல எழுதலாமே" என்றாள் கனி.

"அது போயிருச்சு. இது பொரிக்கட்டும். ரெண்டையும் சேர்த்து எழுதுறேன்."

"முதுகைக் காட்டிட்டு இருக்கியே, எப்படிப் பார்ப்பே?"

பூரணி அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தாள்.

"கடைசி நாள் மட்டும் திரும்பிக்கிடுவேன்."

கனி சைக்கிளில் ஏறினாள்.

வைகாசி ஒன்று போனது. இரண்டு, மூன்று, நான்கு போயின. ஐந்தாம் தேதி விடிந்தது. அன்று மாலை கோடைப் பட்டியல் முடிகிறது.

காலை ஏழேகாலுக்கு முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறியது.

முப்பது நாளில் ஆள்காட்டியின் எல்லாச் சத்தமும் பூரணிக்குப் பழகியிருந்தது. நாய்க்கு ஒரு கத்தல். பருந்துக்கு ஒரு கத்தல். சங்கரபாண்டி மாமாவுக்கு ஒரு கத்தல். இது அவற்றில் எதுவும் இல்லை. தணிந்த குரல். விட்டு விட்டு வந்தது. வீட்டுக்குள் இருக்கிறவர்களோடு பேசுகிற குரல்.

பூரணியின் கழுத்து தானாகவே பாதி திரும்பியது. அவள் அதை நிறுத்தினாள்.

ரோட்டில் சைக்கிள் நின்றது. கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பொரிக்குது."

"பார்த்தியா?"

"கேட்டேன்."

"ம்."

"இன்னைக்குத்தான் பட்டியலுக்குக் கடைசி நாள்."

"ஆமா."

"ஒரே ஒரு தடவை. ஒரு நிமிசம். இங்க இருந்தேதான், பைனாகுலர்ல. கீழ இறங்க மாட்டேன்."

கனி கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள்.

"ஒரு நிமிசம் என்ன, நான் வர்ற வரைக்கும் வச்சுக்கோ."

"அப்ப பார்க்கலாமா?"

"சட்டம் ஒண்ணுதான். அதை முதல் நாளே சொல்லிட்டேன்."

பூரணி பைனாகுலரின் வாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பின்னால் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அதற்குள் இன்னொரு குரலும் இருந்தது. மிகச் சிறியது.

"அக்கா, நீங்க பதினோரு வருசமும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

கனி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"தபால் கிடக்கு. நான் வாரேன்."

"அக்கா."

"என்ன?"

"நீங்களாவது பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

கனி திரும்பாமலே கேட்டாள்.

"காக்கா எங்க இருக்கு?"

பூரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பத்துல."

"எதைப் பார்க்குது?"

காகங்கள் பூரணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கனி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிள் மணி ரோட்டில் தூரமாகிப் போனது.

பூரணி பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

ஒன்பதே முக்கால் மணிக்கு ஆள்காட்டியின் குரல், அந்தச் சிறு குரல்களோடு, நகர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று, உடைமரத்துக்கு அப்பால் போனது. அங்கே சங்கரபாண்டியின் உழவு மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

மதியம் கனி திரும்பி வந்தாள். பைனாகுலர் தூக்குச் சட்டியின் மேல் இருந்தது. பூரணி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. ஆள்காட்டியின் வரியில் நான்காவது கட்டம் காலியாக இருந்தது.

அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.

"வைகாசி 5. காலை 7.15 முதல் 9.45 வரை. மின்கம்பம். காகம், இரண்டு."